ஒன்றரை மில்லி

என் மேசை இழுப்பறையில் ஊசி கழற்றிய சிரிஞ்சு ஒன்று எப்போதும் கிடக்கும். நெவிரபின் சிரப்பை எப்படி உறிஞ்சுவது, கைக்குழந்தையின் வாயில் எப்படி விடுவது என்று தாய்மார்களுக்குச் செய்து காட்டுவதற்காக வைத்திருப்பது. இரண்டரை கிலோவுக்கு மேல் எடையோடு பிறந்த பிள்ளைக்கு ஒன்றரை மில்லி. இரண்டுக்கும் இரண்டரைக்கும் நடுவில் என்றால் ஒரு மில்லி. ஒரு நாளைக்கு ஒரு வேளை. கன்னத்தின் உட்பக்கமாக மெதுவாக விட வேண்டும். தொண்டைக்கு நேராகப் பீய்ச்சினால் புரையேறிவிடும். இதைக் கற்றுக்கொடுக்க ஐந்து நிமிஷம் போதும். அந்த பாட்டிலை மாமியார் கண்ணிலும் பக்கத்து போர்ஷன்காரி கண்ணிலும் படாமல் ஆறு வாரம் எங்கே வைப்பது என்று பேசி முடிக்கத்தான் நேரம் போதாது.

அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் நடக்கும் இடத்துக்குத் தமிழ்நாட்டில் நம்பிக்கை மையம் என்று பெயர். அதில் நான் ஆலோசகர். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று சென்னையின் இந்த மேற்குப் பக்கத்திலேயே என் உத்தியோகம் ஓடியிருக்கிறது. அம்பத்தூர் எஸ்டேட்டில் துணி தைக்கும் கம்பெனிக்குப் போகும் பெண்கள், டாங்கி ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் பெண்கள், திருமழிசைப் பக்கம் செங்கல் சூளையிலும் கட்டட வேலையிலும் இருக்கிற ஒடிசா, பீகார் பெண்கள் என எல்லோரும் வயிற்றில் பிள்ளையோடு ஒருமுறையாவது என் முன்னால் உட்கார்ந்துவிட்டுத்தான் போக வேண்டும். கர்ப்பிணிகள் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை உண்டு. ஏறக்குறைய எல்லோருக்கும் நெகட்டிவ். கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுவோம். எப்போதாவது ஒருத்திக்கு, மூன்று வெவ்வேறு கிட்டிலும் பார்த்து உறுதியான பிறகு, கதவைச் சாத்திவிட்டுப் பேச வேண்டியிருக்கும்.

அந்தப் பேச்சில் முதல் கேள்வி தன்னைப் பற்றியதாக இருந்து நான் அதிகம் பார்த்ததில்லை. "புள்ளைக்கு வந்துருமா மேடம்?" அடுத்தது, "பால் குடுக்கலாமா?"

இரண்டாவது கேள்விக்கு நாங்கள் சொல்லும் பதில் என் காலத்திலேயே தலைகீழாக மாறியது. அந்த மாற்றத்தைச் சொல்லாமல், பிள்ளைகளுக்கு வர வேண்டிய எச்.ஐ.வி. தடுப்பூசியைப் பற்றிச் சொல்ல முடியாது.

1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் தொற்றை இங்கேதான் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு பல வருஷம் கர்ப்பிணிக்குக் கொடுக்க எங்களிடம் ஒன்றுமே கிடையாது. உகாண்டாவில் நடந்த ஆய்வு ஒன்று 1999-ல் ஒரு வழி காட்டியது: பிரசவ வலி எடுத்ததும் தாய்க்கு ஒரே ஒரு நெவிரபின் மாத்திரை, பிறந்த 72 மணி நேரத்துக்குள் பிள்ளைக்கு ஒரே ஒரு வேளை சிரப். தொற்று ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. இந்தியாவில் 2002 வாக்கில் அது அரசுத் திட்டமானது. 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறிய பெண்கள் அந்தக் காலத்துப் பெண்கள்.

ஆனால் அந்த மாத்திரை பிரசவ நேரத்துக்கான காவல். பிள்ளை பால் குடிக்கும் மாதங்களுக்குக் காவல் எதுவுமில்லை. எந்த மருந்தும் தராவிட்டால் தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்று போகும் வாய்ப்பு நூற்றுக்கு 15 முதல் 45 வரை. அதில் தாய்ப்பால் வழியாகப் போவது மட்டும் 5 முதல் 20 வரை. ஆகவே முடிந்தவர்கள் டப்பா பால் கொடுக்கட்டும் என்றோம். முடிந்தவர்கள் என்றால் யார்? சுத்தமான தண்ணீர் வேண்டும், தொடர்ந்து வாங்கக் காசு வேண்டும், சுற்றியிருப்பவர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கையேட்டில் நிபந்தனைகள் அடுக்கியிருந்தன. ஒரே குழாயில் எட்டுக் குடும்பம் தண்ணீர் பிடிக்கும் வரிசை வீட்டில் உட்கார்ந்து அந்த நிபந்தனைகளை வாசித்தால் சிரிப்பு வரும்.

அம்பத்தூரில் ஒரு பெண். பால் ஊறவில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டாள். மாமியார் நல்லவர். விட்டுவிடுவாரா? அடுத்த நாளே பால்சுறா வாங்கிப் புட்டு செய்தார்; பூண்டை உரித்துப் பாலில் வேகவைத்துக் கொடுத்தார். மருமகள் அதையெல்லாம் சாப்பிட்டுவிட்டு, கட்டிக்கொண்ட மாரை பாத்ரூமில் பிழிந்து ஊற்றிவிட்டு, பிள்ளைக்கு டப்பா பாலைக் கலக்கினாள். "அத்தை எவ்ளோ பாசமா செய்றாங்க தெரியுமா மேடம், அதான் தாங்க முடியல" என்றாள். அலமாரியில் நிற்கும் ஒரு பால் டப்பாவுக்குத் தெரு முழுக்க ஒரு காரணம் சொல்லியாக வேண்டும். பெண்கள் களைத்துப் போய் ஒரு சமரசத்துக்கு வருவார்கள்: யாராவது பார்க்கும்போது தாய்ப்பால், மற்ற நேரம் டப்பா பால்.

தாய்ப்பாலோடு வேறொன்றையும் கலப்பதுதான் இருப்பதிலேயே மோசமானது என்று 2007-ல் உறுதியாகத் தெரிந்தது. தென்னாப்பிரிக்காவில் டாக்டர் ஹூசேன் கூவாடியாவின் குழு வெளியிட்ட ஆய்வு அது. வெறும் தாய்ப்பால் மட்டுமே குடித்த பிள்ளைகளைவிட, தாய்ப்பாலோடு கெட்டியான உணவும் சேர்த்துக் கொடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குத் தொற்று அபாயம் கிட்டத்தட்ட 11 மடங்கு. பச்சைக் குடலின் உட்சுவரை வெளி உணவு புண்ணாக்குகிறது, பாலில் இருக்கும் கிருமி அந்த வழியே உள்ளே போகிறது என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம்.

ஆப்பிரிக்கக் கட்டுரைகளில் கலப்பு உணவு என்றால் கஞ்சி. நம் பக்கம் கதையே வேறு. பிறந்தவுடன் சேனை வைப்பார்கள். குடும்பத்தில் நல்ல குணமுள்ள ஒருவர் தேனையோ சர்க்கரைத் தண்ணீரையோ பிள்ளையின் நாக்கில் தொட்டு வைப்பார். அவர் குணம் பிள்ளைக்கு வரும். மூன்றாம் மாதத்துக்குள் உரைமருந்து வந்துவிடும்: வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய் எல்லாவற்றையும் அவித்துக் காயவைத்து, கல்லில் இரண்டு இழுப்பு இழுத்து, தாய்ப்பாலிலேயே குழைத்துப் புகட்டுவார்கள். வயிறு உப்பினால் கிரைப் வாட்டர். பட்டாபிராம், திருநின்றவூர் பக்கம் தெருவில் கழுதையை ஓட்டிக்கொண்டு ஒருவர் வருவார். அங்கேயே கறந்து ஒரு சங்குப் பால், பிள்ளைக்குச் சீர் தட்டாமல் இருக்க. இவற்றில் ஒன்றைக்கூடப் பாட்டிமார் "சாப்பாடு" என்று கணக்கில் வைப்பதில்லை. "தாய்ப்பால் மட்டும்தானே ஆயா குடுக்குறீங்க?" என்றால், "ஆமாம்மா, வேற எதுவும் இல்ல" என்று சத்தியமாகச் சொல்வார்கள். ஆகையால் நான் அப்படிக் கேட்பதை விட்டுவிட்டேன். சேனை யார் வைத்தது, உரைமருந்து எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று ஆரம்பிப்பேன். விவரமாக, பெருமையாகச் சொல்வார்கள்.

பிறகு மருந்து வலுத்தது, ஆலோசனையும் மாறியது. 2012-ல் தமிழ்நாடு உள்ளிட்ட தென் மாநிலங்களில் முதலில் ஒற்றை நெவிரபினுக்குப் பதிலாகக் கூட்டு மருந்து வந்தது. 2014 தொடக்கத்தில் நாடு முழுவதும், கர்ப்பிணிக்குத் தொற்று இருப்பது தெரிந்த உடனே ஆயுள் முழுக்கக் கூட்டு மருந்து என்று ஆனது. ரத்தத்தில் சி.டி.4 எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை குறையட்டும் என்று காத்திருக்கும் வழக்கம் போனது. மாத்திரையை விடாமல் போட்டால் ரத்தத்தில் கிருமி அடங்கும், பாலிலும் அடங்கும். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள், பிள்ளைக்கு ஆறு வாரம் சிரப் கொடுங்கள் என்று சொல்ல ஆரம்பித்தோம். சரியாக நடந்தால் தொற்று நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே வந்துவிடுகிறது. பாலைப் பிழிந்து கொட்டியவளின் மார்பில் பிள்ளையைத் திரும்ப வைத்த மருந்து அது. என் தொழிலில் நான் பார்த்த பெரிய மாற்றம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

அப்படியானால் தடுப்பூசி எதற்கு? படித்தவர்களே கேட்கிறார்கள். அது வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. மாத்திரை அடக்குகிறது, ஆனால் தினமும் போட்டாக வேண்டும். தினமும் என்பது பிரசவித்த பெண்ணின் வாழ்க்கையில் அவள் கையில் இல்லாத சொல். முதல் பிரசவம் தாய் வீட்டில். வளைகாப்பு முடிந்ததும் ஆவடியிலிருந்து செய்யாற்றுக்கோ திண்டிவனத்துக்கோ போகிறாள். இங்கே மருந்து வாங்கும் மையம் வேறு, அங்கே வேறு. போகும் இடத்தில் அம்மாவும் அண்ணியும் ஒரே அறையில் படுக்கிறார்கள். மாத்திரை டப்பா திறக்கும் சத்தம்கூடக் கேட்கும். கணவன் இங்கே தனியாக, தனக்குச் சொல்லப்பட்டதை நம்பாமல். இந்த மாதங்களில்தான் மாத்திரை விட்டுப்போகிறது. இதே மாதங்களில்தான் பிள்ளை ராத்திரி பகலாகப் பால் குடிக்கிறது. இன்னொரு வகையும் உண்டு. கர்ப்பத்தில் நெகட்டிவ் வந்து, பால் கொடுக்கும் காலத்தில் கணவனிடமிருந்து தொற்றிக்கொள்ளும் பெண். புதிதாகத் தொற்றிய உடம்பில் கிருமி கொதிக்கும். அவளுக்கே தெரியாது, மாத்திரையும் இல்லை, சிரப்பும் இல்லை.

பிள்ளைக்கு மட்டும் மருந்தை நீட்டினால் என்ன என்றும் பார்த்தார்கள். எத்தியோப்பியா, உகாண்டா, நம் புனே மூன்றிலும் ஆறு வாரம் நெவிரபின் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2008-ல் வந்தது. ஆறாவது வாரத்தில் பலன் தெளிவாகத் தெரிந்தது. ஆறாவது மாதத்தில் பார்த்தபோது அந்த வித்தியாசம் தேய்ந்திருந்தது. சிரப்பை நிறுத்தினால் காவலும் போய்விடும், பால் மட்டும் தொடரும்.

இதற்கெல்லாம் எதிரே புதன்கிழமையை வைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் புதன் தடுப்பூசி நாள். அன்றைக்குக் கைப்பிள்ளையோடு வெளியே கிளம்பும் பெண்ணை எங்கே போகிறாய் என்று எந்த மாமியாரும் குறுக்கு விசாரணை செய்வதில்லை. எங்கள் வேலையில் பாதி இந்தப் புதன்கிழமையின் மறைவில்தான் நடக்கிறது. ஆறாவது வாரம் பென்டா ஊசிக்கு வருகிறாள். தடுப்பூசி வரிசையிலிருந்து நழுவி எங்கள் அறைக்கு வருகிறாள். பிள்ளையின் குதிகாலை உள்ளங்கையால் சூடாக்கி, பக்கவாட்டில் லான்செட்டால் குத்தி, முதல் துளியைத் துடைத்துவிட்டு, அடுத்த துளிகளை அட்டையில் அச்சிட்ட வட்டங்களில் ஒவ்வொன்றாக நிரப்புவார் லேப் டெக்னீஷியன். துளி தானாக ஊற வேண்டும், அட்டையைப் பாதத்தில் தேய்க்கக் கூடாது. வெயில் படாமல் படுக்கை வாட்டில் குறைந்தது நான்கு மணி நேரம் காய வேண்டும். கார்த்திகை மாசத்துச் சென்னையில் அது ஒரு தனிப் பாடு. பிறகு ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு உறையில் போட்டு அனுப்புவோம். வீட்டுக்குப் போனதும் பிள்ளை காலில் பிளாஸ்திரி ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். தடுப்பூசி என்றால் குத்துவார்கள், அவ்வளவுதான்.

வரிசையிலிருந்து நழுவி வந்த ஒரு பெண் அப்படியொரு புதனில் கேட்டாள்: "போலியோவுக்கு இருக்குது, காமாலைக்கு இருக்குது, இதுக்கு மட்டும் ஏன் மேடம் ஊசி இல்ல? நான் பால் குடுக்குற வரைக்கும் தாங்கினா போதும்." ஆராய்ச்சியாளர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதை அவள் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டாள். பெரியவர்களுக்கான எச்.ஐ.வி. தடுப்பூசி எப்போது, யாரிடமிருந்து வரும் என்று தெரியாத கிருமிக்கு எதிராக ஆயுள் முழுக்கக் காக்க வேண்டும். பிள்ளைக்கானதோ, பிறந்த தேதி தெரியும், ஆபத்து எங்கிருந்து வருகிறது என்று தெரியும், எவ்வளவு காலம் என்றும் தெரியும்.

சென்னைக்கு இந்தத் தேடலில் ஒரு சின்னப் பங்கு இருக்கிறது. சேத்துப்பட்டில் 1956 முதல் இருந்துவரும் காசநோய் ஆராய்ச்சி மையத்தில் 2006-ல் எச்.ஐ.வி. தடுப்பூசி ஒன்றின் முதல்கட்டச் சோதனை தொடங்கியது. டி.பி.சி.-எம்4 என்று அதற்குப் பெயர். இந்தியாவில் அதிகம் காணப்படும் சி வகைக் கிருமியை மனதில் வைத்துச் செய்தது. தொற்று இல்லாத, ஆரோக்கியமான 32 பேர் முன்வந்து போட்டுக்கொண்டார்கள். பிறகு அதையே வேறொரு டி.என்.ஏ. ஊசியோடு சேர்த்தும் சென்னையிலும் புனேயிலும் சோதித்தார்கள். பாதுகாப்பானது என்று தெரிந்தது. தொற்றைத் தடுக்குமா என்று பார்க்கும் பெரிய சோதனை வரை அது போகவில்லை. அதில் பிள்ளைகள் யாரும் இல்லை.

ஆனால் இந்த மண் அதற்கும் முன்பே ஒரு பெரிய பாடம் படித்திருக்கிறது. 1968-ல் அப்போதைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூரைச் சுற்றியிருந்த ஊர்களில், பி.சி.ஜி. ஊசி காசநோயைத் தடுக்கிறதா என்று உலகின் மிகப் பெரிய சோதனையைத் தொடங்கினார்கள். சுமார் 2.6 லட்சம் பேர். பதினைந்து வருஷம் பின்தொடர்ந்தார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசத்தை அது தடுக்கவில்லை என்று முடிவு வந்தது. அப்புறம் ஏன் இன்றைக்கும் எல்லாப் பிள்ளைக்கும் பிறந்தவுடன் இடது தோளில் பி.சி.ஜி. போடுகிறோம்? மூளைக்காய்ச்சலாகவும் உடம்பு முழுக்கப் பரவியும் வரும் கொடிய காசத்திலிருந்து அது பச்சைப் பிள்ளைகளைக் காக்கிறது. பெரியவரிடம் தோற்ற ஊசி பிள்ளையிடம் ஜெயிக்கிறது. ஒரு ஊசியின் யோக்கியதையை வயது தெரியாமல் தீர்மானிக்கக் கூடாது என்று எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எச்.ஐ.வி.யிலும் அப்படி ஒரு தடயம் கிடைத்திருக்கிறது. தாய்லாந்தில் 16,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் நடந்த ஆர்.வி.144 சோதனையின் முடிவு 2009-ல் வந்தது. தொற்று 31 சதவீதம் குறைந்தது. ஊசியாக வெளியிட அது போதாது. இருந்தாலும் எந்த வகை எதிர்ப்பொருள் இருந்தவர்கள் தப்பினார்கள் என்று அதிலிருந்து ஒரு குறிப்பு கிடைத்தது. அந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு, அமெரிக்காவில் 1990-களில் தொற்றுள்ள தாய்மார்களின் பிள்ளைகளுக்குப் போட்டுப் பார்த்த பழைய தடுப்பூசிச் சோதனையின் சேமித்த ரத்தத்தை ஜெனிவீவ் ஃபூடா, சாலி பெர்மார் குழுவினர் திரும்பச் சோதித்தார்கள். அதே வகை எதிர்ப்பொருள் பிள்ளைகளின் ரத்தத்தில் தாய்லாந்துப் பெரியவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. பச்சைப் பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தி முதிரவில்லை, ஊசி பலிக்காது என்று பேசிவந்த வாய்கள் கொஞ்சம் அடங்கின. உகாண்டாவில் அதற்கு முன்பே பிள்ளைகளுக்கு ஒரு ஊசி போட்டுப் பார்த்திருந்தார்கள். பிறகு தென்னாப்பிரிக்காவில், பிறந்த சில நாட்களுக்குள்ளேயே முதல் ஊசி போட்டு, கிருமியின் பல வகைகளையும் மடக்கும் எதிர்ப்பொருளை நோக்கிப் பிள்ளையின் உடம்பைப் படிப்படியாகப் பழக்க முடியுமா என்று சோதனை தொடங்கினார்கள். ஊசி பலிக்கும் வரை காத்திராமல், தயாரான எதிர்ப்பொருளையே பிறந்த உடன் ஏற்றிவிடும் சோதனைகளும் நடக்கின்றன.

இதெல்லாம் பாதுகாப்பையும் உடம்பின் பதிலையும் பார்க்கும் ஆரம்பகட்டம். பெரியவர்களுக்கான பெரிய சோதனைகள் 2020-லும் 2021-லும் 2023-லும் ஒன்றன்பின் ஒன்றாகப் பலனில்லை என்று நிறுத்தப்பட்டன. ஆகையால் என்னிடம் கேட்ட பெண்ணுக்கு நான் சொன்ன பதில்: "அந்த ஊசி உன் புள்ளைக்கு வராதும்மா. உன் மாத்திரைய விடாத." ஆறுதலுக்காகப் பொய் சொல்வதில்லை என்பது இந்த அறையின் விதி.

ஆனால் ஊசி வந்தால் எப்படி வர வேண்டும் என்று எனக்கு அழுத்தமான அபிப்பிராயம் உண்டு. தொற்றுள்ள தாயின் பிள்ளைக்கு மட்டும் என்று வந்தால் அது என் இழுப்பறைக்கு இன்னொரு பாட்டிலாகத்தான் வரும். தாய்-சேய் அட்டையில் மற்றப் பிள்ளைகளுக்கு இல்லாத ஒரு கட்டத்தில் டிக் விழும். அந்த அட்டையை அங்கன்வாடியில் பார்ப்பார்கள், ஸ்கூலில் பார்ப்பார்கள். 2017-ல் சட்டம் வந்து, 2018 செப்டம்பரில் அமலாகி, ஒருவரின் தொற்று விவரத்தை அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது என்று ஆகிவிட்டது. அட்டை சட்டம் படித்ததில்லை. காமாலைக்கான ஹெபடைட்டிஸ் பி ஊசியைப் பாருங்கள்: அதுவும் தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகும் கிருமிதான். பிறந்த 24 மணி நேரத்துக்குள் எல்லாப் பிள்ளைக்கும் போடுகிறோம். யாருடைய தாய்க்குத் தொற்று என்று அந்த ஊசியைப் பார்த்து எவராலும் சொல்ல முடியாது. தொற்று இவ்வளவு குறைந்த நாட்டில் எல்லோருக்கும் போட்டால் செலவு கட்டுப்படியாகுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. சிசுவில் ஆரம்பித்துப் பருவ வயதுக்கு முன் பூஸ்டர் போட்டு முடித்தால் அதே ஊசி ஆயுளுக்கும் ஆகலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் நினைக்கிறார்கள். அப்படி அமைந்தால் கணக்கே வேறு.

இன்னொரு சிக்கல் என் மேசைக்கே நேராக வந்து உட்காரும். பிள்ளைக்கு 18 மாதம் ஆகும்வரை சாதாரண கிட் பரிசோதனையை நாங்கள் நம்புவதில்லை; தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருளே அதில் பாசிட்டிவ் காட்டும். அதனால்தான் குதிகால் ரத்தமும் அட்டையும். 18 மாதத்துக்குப் பிறகு, பால் நிறுத்தியபின், கிட்டில் நெகட்டிவ் வந்தால்தான் "முடிஞ்சுதும்மா, போ" என்று சொல்வோம். தடுப்பூசி போட்ட பிள்ளைக்கு ஊசியே எதிர்ப்பொருளை உண்டாக்கிவிடும். கிருமி இல்லாத பிள்ளையின் கிட்டில் கோடு விழலாம். பெரியவர்களின் சோதனைகளில் இது நடந்திருக்கிறது. ஒன்றரை வருஷம் காத்திருந்த தாயிடம், "கோடு விழுந்திருக்கு, ஆனா தொற்று இல்ல" என்று நான் விளக்க வேண்டும். இங்கே நான் விளக்கிவிடுவேன். பத்து வருஷம் கழித்து ஏதோ ஒரு அறுவை சிகிச்சைக்கு முன்னால் தனியார் நர்சிங் ஹோமில் அவசரமாக ஒரு கிட்டைப் போட்டுப் பார்ப்பவருக்கு யார் விளக்குவது? ஊசி கண்டுபிடிப்பவர்கள் அதோடு பொருந்தும் பரிசோதனையையும் கையோடு கொண்டுவர வேண்டும்.

ஒரு பயிற்சி வகுப்பில் இளம் டாக்டர் ஒருவர், அப்படியொரு ஊசிக்கு என்னென்ன இருக்க வேண்டும் என்று எங்களைக் கேட்டார். மற்றவர்கள் விலை, ஐஸ் பெட்டி என்றெல்லாம் சொன்னார்கள். நான், அதைப் புதன்கிழமை போட முடிய வேண்டும், ஏற்கெனவே இருக்கும் தேதிகளிலேயே வர வேண்டும், ஒரு தவணை செய்யாற்றில் போட்டுக்கொண்டு அடுத்ததை ஆவடியில் போட்டாலும் கணக்கு உதைக்கக் கூடாது என்றேன். சிரித்தார். பிறகு எழுதிக்கொண்டார்.

அது வரும்வரை இருப்பது சிரப்தான். தாய்க்குக் கிருமி அடங்காத நிலையில் பிறக்கும் பிள்ளைக்கு இப்போது நெவிரபினோடு சிடோவுடினும் சேர்த்து, தாய்ப்பால் குடித்தால் 12 வாரம் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். மருத்துவ ரீதியாகப் பார்த்தால் சரியான முடிவு. போன வாரம் வந்த பெண்ணோடு அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன். தாய் வீடு திருவண்ணாமலைப் பக்கம், ஒரே அறை, ஃபிரிட்ஜுக்கு மேலே சாமி படம், கீழே அண்ணியின் மளிகை. எடை கூட டாக்டர் கொடுத்த டானிக் என்று ஒரு பாட்டிலுக்குச் சொல்லிவிடலாம் என்றாள். இரண்டாவதற்கு என்ன சொல்வது என்று இரண்டு பேருமாக யோசித்தோம்.